புல்வெட்டிக்கு மாற்று எஞ்சின்: பழையதைக் கொன்றது எது?

வந்த நிலை

தள்ளிக்கொண்டே நடக்கும் சாதாரணப் புல்வெட்டி. 53 சென்டிமீட்டர் பிளேடு, பிளேடை மேலிருந்து மூடியிருக்கும், இரும்புத் தகட்டில் அழுத்திச் செய்த டெக், 160 சி.சி. அளவில் ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். எட்டு வருடம் உழைத்தது. இந்த வகை எஞ்சினில் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும். மேல்முனையில் ஃப்ளைவீல் என்ற சுழல்சக்கரம், டெக்கைத் தாண்டிக் கீழே இறங்கும் முனையில் பிளேடு. நடுவில் செயின் இல்லை, கியர் இல்லை. பிளேடு எதில் மோதினாலும் அந்த அடி நேராக ஷாஃப்டில்தான் இறங்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முழுக்க இதைச் சுற்றித்தான் போகிறது.

கொண்டுவந்தவர் சொன்னது இவ்வளவுதான்: "நல்லாத்தான் வெட்டிக்கிட்டு இருந்துச்சுண்ணே. டங்குன்னு ஒரு சத்தம், நின்னு போச்சு. இப்ப கயித்த இழுத்தா சும்மா வருது."

இழுத்துப் பார்த்தேன். சும்மாதான் வந்தது. நல்ல எஞ்சினில் கயிற்றை மெதுவாக இழுத்தால், பிஸ்டன் காற்றை அமுக்கும் இடத்தில் கை ஒரு இறுக்கத்தை உணரும். இங்கே அது இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மெல்லிய பிளாஸ்டிக் குச்சி ஒன்றை விட்டுப் பிஸ்டன் தலையில் நிற்கவைத்துக்கொண்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றினேன். ஃப்ளைவீல் சுற்றியது, குச்சி அசையவே இல்லை. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் உடைந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. டார்ச் அடித்துப் பார்த்ததில், ஷாஃப்டையும் ஆயிலையும் உள்ளே வைத்திருக்கும் கூடான கிராங்க் கேஸின் பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டையும் இருந்தது. உடைந்த ராட் உள்ளிருந்து குத்தியதால் வந்த ஓட்டை.

இந்த இடத்தில் பெரும்பாலான பட்டறைகளில் பேச்சு முடிந்துவிடும். எஞ்சின் போச்சு, புது எஞ்சின் போடு. நானும் பல வருடம் அப்படித்தான் செய்திருக்கிறேன். பிறகு அதே வண்டி இரண்டாவது எஞ்சினையும் தின்றுவிட்டு வந்து நின்றபோதுதான் புத்தி வந்தது. பழைய எஞ்சினைக் கொன்ற காரணம் எஞ்சினுக்குள்ளேயே இருந்தால் அது எஞ்சினோடு போய்விடும். வண்டியில் இருந்தால் புது எஞ்சினுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

ஆயில் எங்கே போனது

ராட் காரணமில்லாமல் உடையாது. இத்தகைய சிறிய எஞ்சின்கள் பலவற்றில் அலுமினிய ராட், கிராங்க்கின் எஃகுக் கழுத்தின்மேல் நேரடியாகவே சுழலும். நடுவில் தனி பேரிங் கிடையாது. இரண்டையும் ஒட்டவிடாமல் வைத்திருப்பது ஆயில் படலம் ஒன்றுதான். ஆயில் பம்பும் இருக்காது. அடியில் சுழலும் ஒரு சிறு பற்சக்கரத்தின் துடுப்புகள் ஆயிலை வாரி மேலே இறைக்கும். மொத்த ஆயிலே அரை லிட்டரை ஒட்டித்தான். அதில் பாதி போனால் துடுப்புக்கு எட்டாது. செங்குத்துச் சரிவில் வெட்டக் கூடாது, 15 டிகிரிதான் எல்லை என்று கையேடுகள் சொல்வதற்குக் கால் வழுக்கும் என்பது முதல் காரணம். சாய்வில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும் என்பது இன்னொரு காரணம்.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் காய்ந்திருந்தது. ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது, கேஸில்தான் ஓட்டை இருக்கிறதே. ஓட்டை வழியாகவே ஆயில் கொட்டியிருக்கலாம். அவரிடம் கேட்டேன்: நின்ற இடத்தில் ஆயில் கொட்டிக் கிடந்ததா? ஏற்றி வந்த வண்டியில் கறை இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றார். ஓட்டையும் ஆயில் நிற்கும் மட்டத்துக்கு மேலேதான் இருந்தது. அப்படியானால் உடையும் முன்பே உள்ளே ஆயில் இல்லை. பிறகு அடிமூடியைக் கழற்றியபோது இது உறுதியானது. கிராங்க் கழுத்து சூட்டில் நீலம் பாரித்திருந்தது. அதன்மேல் ராடின் அலுமினியம் உருகி அப்பியிருந்தது.

போன ஆயில் எந்த வழியில் போனது? எரிந்து போயிருந்தால் சைலன்சரில் நீலப்புகை வந்திருக்கும், பிளக் முனை எண்ணெய்க் கரியாக இருந்திருக்கும். பிளக் நல்ல பழுப்பு நிறத்தில் இருந்தது. ஆக, ஒழுகியிருக்க வேண்டும். ஆனால் நிறுத்திவைக்கும் இடத்தில் ஒரு சொட்டுகூடப் பார்த்ததில்லை என்று அவர் அடித்துச் சொன்னார்.

விடை டெக்கின் அடியில் இருந்தது. வண்டியைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு விரல் கனத்துக்குப் புல் சாந்து மாதிரி அப்பிக் காய்ந்திருந்தது. ஓரமெல்லாம் சாம்பல் கலந்த பச்சை. ஷாஃப்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் கறுப்பு, ஈரப் பளபளப்பு. ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் ஆயிலை அடைத்துப் பிடிக்கும் வளையமான ஆயில் சீலிலிருந்து கசிந்ததையெல்லாம் புல் பஞ்சு மாதிரி குடித்திருக்கிறது. தரையில் எப்படிச் சொட்டும்? டெக்கின் அடியைச் சுரண்டாமல் விட்டால் துருப்பிடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். கசிவையும் அது மறைத்துவிடும் என்பதை இந்த வண்டியில்தான் நான் முழுசாகப் பார்த்தேன்.

சீல் ஏன் கசிந்தது என்பது அடுத்த கேள்வி. பிளேடைக் கழற்றிவிட்டு, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை ஷாஃப்டின் கீழ்முனையில் வைத்து மெதுவாகச் சுற்றினேன். முள் அரை மில்லிமீட்டர் ஆடியது. நேரான ஷாஃப்டில் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குக்கு மேல் ஆடாது. ஷாஃப்ட் பெண்ட்.

"எதிலயாவது மோதுச்சா?"

"இல்லண்ணே." கொஞ்ச நேரம் கழித்து, "போன வருஷம் மண்ணுல புதைஞ்சு கிடந்த ஒரு இரும்பு முளையில பட்டுச்சு. பிளேடு வளைஞ்சு போச்சு. புதுசு மாத்திட்டேனே. அதுக்கப்புறம் ஓட்டுனா கை மரத்துப்போகும், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. முளையில் அடி, ஷாஃப்ட் வளைவு, ஒவ்வொரு சுற்றிலும் சீலின் உதடு அகன்று தேய்தல், கசிவு, அதைப் புல் உறிஞ்சுதல், ஆயில் வற்றல், ராட் பிடித்து உடைதல். பிளேடை மாற்றியவர் அதே கையோடு ஷாஃப்டைப் பார்க்கவில்லை. பார்க்க டயல் கேஜ்கூட வேண்டாம். பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, பிளேடை எடுத்துவிட்டு, பிளக்கையும் கழற்றிக்கொண்டு, ஒருவர் கயிற்றை மெதுவாக இழுக்க இன்னொருவர் ஷாஃப்ட் முனையின் நடுத்துளையைத் தள்ளி நின்று பார்த்தால் போதும். துளை ஒரே இடத்தில் நின்று சுழல வேண்டும். வட்டமடித்தால் பெண்ட்.

வளைந்த ஷாஃப்டைத் தட்டி நிமிர்த்தித் தருவதாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை, யாரையும் செய்யவிடுவதும் இல்லை. நிமிர்த்திய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அது ஓட்டத்தில் முறிந்தால் பிளேடு எங்கே போகும் என்று யோசித்தாலே போதும். தயாரிப்பாளர்களின் பழுது நூல்களும் மாற்றத்தான் சொல்கின்றன.

மாற்றுவதா, விடுவதா

கேஸில் ஓட்டை விழுந்தபின் உள்ளே புது ராட் போட்டுச் சரிசெய்யும் பேச்சுக்கு இடமில்லை. புது எஞ்சின், அல்லது புது வண்டி. இதில் என் கணக்கு ஒன்று உண்டு. எஞ்சின் விலை இதே தரத்துப் புது வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால், டெக் கிட்டத்தட்டப் புதிது மாதிரி இருந்தால் மட்டுமே மாற்றுவேன். அதனால் விலை கேட்கும் முன்பு டெக்கைப் பார்த்துவிட வேண்டும்.

அடியை முழுக்கச் சுரண்டிக் கழுவி, சிறு சுத்தியலால் சுற்றிலும் தட்டினேன். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற தகடு மொத்தென்று ஒலிக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தியும் பார்த்தேன், எங்கும் உள்ளே போகவில்லை. சக்கரம், உயரம் மாற்றும் கொக்கி, கைப்பிடி எல்லாம் சரி. ஒரே குறை, எஞ்சினைத் தாங்கும் மூன்று போல்ட் துளைகளில் ஒன்று அதிர்வில் தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தது. விரிசல் இல்லை. அடியில் கனமான தகட்டு வாஷர் ஒன்று வெட்டிப் போட்டால் தாங்கும். மாற்றுவது என்று முடிவானது.

பொருத்தம்

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். இங்கே நாலைந்துதான், ஆனால் ஒன்று தவறினாலும் ஆபத்து கையிலோ காலிலோ வந்து முடியும்.

முதலில் ஷாஃப்டின் விட்டம். நடந்து தள்ளும் வண்டிகளில் பரவலாக இருப்பது எட்டில் ஏழு அங்குலம், அதாவது 22.2 மி.மீ. சிலவற்றில் 25 மி.மீ.; ஏறி ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலும் ஒரு அங்குலம், 25.4 மி.மீ. இந்தக் கடைசி இரண்டும்தான் வில்லங்கம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். 25 மி.மீ. ஷாஃப்ட், பிளேடைத் தாங்கும், ஒரு அங்குலத் துளையுள்ள அடாப்டருக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும், 0.4 மி.மீ. இடைவெளியோடு பிளேடு ஓடும். ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது, வெர்னியர் வேண்டும். இந்த வண்டியில் 22.2.

அடுத்து நீளம். எஞ்சின் டெக்கில் அமரும் பரப்பிலிருந்து ஷாஃப்ட் முனை வரை அளக்க வேண்டும். பழையது 80 மி.மீ. நீளம் கூடினால் பிளேடு டெக்கின் விளிம்புக்குக் கீழே எட்டிப் பார்க்கும். அந்த விளிம்புதான் காலுக்கும் பிளேடுக்கும் நடுவே இருக்கிற ஒரே சுவர். குறைந்தால் பிளேடு டெக்கின் உள்முகட்டில் உரசும், இல்லையென்றால் புல்லைத் தூக்கி வெளியே எறியும் காற்றோட்டம் கெடும். கூடவே ஷாஃப்ட் முனையின் மரை, அடாப்டரை ஷாஃப்டோடு பூட்டும் சிறு உலோகச் சாவி அமரும் காடியின் அகலம் இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

பழைய எஞ்சின் கையில் இருக்கும்போது அதில் குத்தியிருக்கும் எண்கள் பெரிய உதவி. உதாரணத்துக்கு, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களில் மாடல், டைப், கோடு என்று மூன்று எண்கள் வரிசையாக இருக்கும். மாடல் எண்ணின் தொடக்க இலக்கங்கள் எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும். கோடு எண் தயாரித்த தேதியிலிருந்து தொடங்கும். ஷாஃப்ட் எத்தனை நீளம், எந்த மரை என்பது மாதிரியான விவரங்கள் டைப் எண்ணில்தான் அடங்கியிருக்கும். மாடல் எண் ஒன்றானால் எஞ்சினும் ஒன்றுதான் என்று நம்பி வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க அலைவது அதனால்தான்.

குதிரைத்திறனைப் பற்றி அவர் கவலைப்பட்டார். பழைய ஸ்டிக்கரில் குதிரைத்திறன் போட்டிருந்தது, புதியதில் சி.சி. மட்டும். அமெரிக்காவில் புல்வெட்டி எஞ்சின்களின் குதிரைத்திறனைக் கூட்டிக் காட்டியதாகத் தொடர்ந்த வழக்கு 2010-இல் சமரசத்தில் முடிந்தது. இப்போது தள்ளும் வண்டிகளின் எஞ்சின்களில் பெரும்பாலும் முறுக்குவிசையோ சி.சி.யோதான் அச்சாகிறது. ஏறக்குறைய அதே சி.சி. இருந்தால் அதே வேலையைச் செய்யும், அதற்குமேல் அதில் ஆராய ஒன்றுமில்லை.

ஆராய வேண்டியது பிரேக். கைப்பிடியில் அழுத்திப் பிடித்திருக்கும் கம்பியை விட்டதும் எஞ்சின் நின்று, பிளேடும் நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1982 முதல் நடந்து தள்ளும் வண்டிகளுக்கு இது சட்டம்: கையை விட்ட மூன்று விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும். இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எஞ்சினிலேயே ஃப்ளைவீலைப் பிடிக்கும் பிரேக். இன்னொன்று, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க பிளேடை மட்டும் விடுவித்து நிறுத்தும் கிளட்ச். அது வண்டியின் பாகம், அதற்கான எஞ்சினில் ஃப்ளைவீல் பிரேக் இருக்காது. முதல் வகை வண்டியில் இரண்டாம் வகை எஞ்சினைப் போட்டாலும் ஸ்டார்ட் ஆகும், வெட்டும். கையை விட்டால் பிளேடு நிற்காது. வண்டியை முதன்முதலில் கவிழ்த்து அடைத்த புல்லை நோண்டும் அன்றுதான் வித்தியாசம் தெரியும். இந்த வண்டி முதல் வகை. பிரேக்கும் அதற்கான கேபிள் கொக்கியும் உள்ள எஞ்சினாகவே தேர்ந்தெடுத்தோம்.

கடைசியாக, சைலன்சர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. புல் பை பின்னால் மாட்டும் வண்டியில் சூடான புகை பையின் மேல் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போல்ட் துளைகளுக்கு ஓர் அட்டையைப் பழைய எஞ்சினின் அடியில் வைத்துக் குத்தி அச்சு எடுத்துக்கொண்டேன்.

கழற்றியதும் மாட்டியதும்

கழற்றும் வேலையில் நேரத்தைத் தின்றது ஒன்றே ஒன்று, பிளேடு அடாப்டர். ஷாஃப்டின் மேல் கவ்விக்கொண்டு பிளேடைத் தாங்கும் அந்த வார்ப்புத் துண்டு, எட்டு வருடத் துருவில் ஷாஃப்டோடு ஒன்றாகியிருந்தது. ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் ஓங்கிப் போடத் தோன்றும். பழைய எஞ்சின் எப்படியும் குப்பைதானே என்றும் தோன்றும். அடாப்டர் குப்பையில்லை, அது வேண்டும் என்று நினைத்து (இந்த நினைப்புக்குப் பிறகு வருகிறேன்) துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் புல்லர் போட்டு இழுத்தேன். வந்துவிட்டது.

மற்றதெல்லாம் அரை மணி நேர வேலை: பிரேக் கேபிள், த்ராட்டில் கேபிள், கயிற்றுக் கொக்கி, மூன்று போல்ட்.

புது எஞ்சினை அமர்த்தி, தேய்ந்த துளைக்கு அடியில் தகட்டு வாஷர் கொடுத்து, மூன்று போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் எஞ்சின் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். பிரேக் கேபிளில் ஒரு சிக்கல். புது எஞ்சினின் கொக்கி பழையதைவிட மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருந்ததால், கைக்கம்பியை முழுக்க அழுத்தினாலும் பிரேக் பாதிதான் விலகியது. அப்படியே ஓட்டியிருந்தால் பிரேக் கட்டை ஃப்ளைவீலில் உரசிக்கொண்டே இருந்திருக்கும், எஞ்சின் வேகம் எடுக்காது, கார்பரேட்டரைத்தான் திட்டியிருப்போம். கேபிளின் வெளி உறையைத் தாங்கும் கிளிப்பை நகர்த்தியதும் சரியானது.

புது எஞ்சின்கள் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வருகின்றன. பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். எழுதியிருந்தும் ஊற்றாமல் இழுத்தவர்களின் எஞ்சின்களை நான் பார்த்திருக்கிறேன். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கையேடு சொன்ன எஸ்.ஏ.இ. 30 ஆயிலை அளவுக்கோடு வரை ஊற்றினேன். மிகுதியாக ஊற்றுவதும் தப்பு; துடுப்பு அதைக் கடைந்து நுரையாக்கும், மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டரை நனைக்கும்.

பிளேடு மாட்டாமல் எஞ்சினை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே என்று அவர் கேட்டார். நியாயமான ஆசை, ஆனால் செய்யக் கூடாது. இந்த எஞ்சின்களில் ஃப்ளைவீல் மெல்லிய அலுமினியம். பிளேடின் கனமும் சேர்ந்துதான் முழு ஃப்ளைவீலாக வேலை செய்கிறது. பிளேடு இல்லாமல் இழுத்தால் ஒழுங்காகப் பிடிக்காது, பல சமயம் கயிறு திருப்பி அடித்துக் கையைப் பிடுங்கும்.

முதல் ஓட்டமும் என் தவறும்

பழைய அடாப்டர், புது பிளேடு, புது நடு போல்ட், கையேட்டில் இருந்தபடி 68 நியூட்டன் மீட்டர் முறுக்கு. இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. பத்து விநாடிக்குள் கையை விட்டுவிட்டேன். கைப்பிடி நடுங்கியது.

அவர் முகம் வாடிவிட்டது. "புது எஞ்சினே ஆடுதேண்ணே."

பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு, ஏர் ஃபில்டர் மேல்பக்கம் வருமாறு வண்டியைச் சாய்த்தேன். எதிர்ப்பக்கம் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள்ளும் கார்பரேட்டருக்குள்ளும் இறங்கும், அது தனி வேலை. முதல் சந்தேகம் பிளேடு. கழற்றி, சுவரில் அடித்த ஆணியில் நடுத்துளையை மாட்டினேன். இரண்டு பக்கமும் சமமாகக் கிடையாக நின்றது. பிளேடில் குற்றமில்லை. எஞ்சின் போல்ட்டுகள் இறுக்கமாகவே இருந்தன. ஒரு நிமிடம் எனக்கே வயிற்றைக் கலக்கியது, புது ஷாஃப்டே கோணலா? டயல் கேஜ் வைத்தேன். 0.03 மி.மீ. ஷாஃப்ட் நேர்.

மிச்சம் இருந்தது நான் ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பத்திரமாகக் காப்பாற்றிய அடாப்டர். கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் கவிழ்த்து வைத்தேன். ஒரு பக்கம் கண்ணாடியோடு ஒட்டியது. எதிர்ப்பக்கம் அடியில் காகிதம் மூன்று மடிப்பாக நுழைந்தது. பிளேடைப் பிடித்திருக்கும் காதுகளில் ஒன்றும் வளைந்து, பிளேடை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஷாஃப்டை வளைத்த அதே அடி, ஷாஃப்டுக்குப் போகும் வழியில் அடாப்டரைத் தொடாமலா போயிருக்கும்? முளை, பிளேடு, அடாப்டர், ஷாஃப்ட் என்று வரிசை தெரிந்திருந்தும் நடுவில் உள்ளதை விட்டுவிட்டேன். வண்டியில் இருக்கும் காரணம் புது எஞ்சினுக்காகக் காத்திருக்கும் என்று மேலே எழுதியது நான்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டால் தெரியும். பிளேடு அறுநூறு கிராம். அதன் நடு ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி நின்று நிமிடத்துக்கு 3,100 சுற்றுச் சுற்றினால், ஷாஃப்டின் கீழ்முனையை ஏறத்தாழ 63 நியூட்டன் விசை இழுக்கும். ஆறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றை ஷாஃப்டில் கட்டி, விநாடிக்கு 52 முறை சுற்றிச் சுற்றி இழுப்பதற்குச் சமம். புது ஆயில் சீல் அதற்கு எத்தனை மாதம் தாங்கியிருக்கும்?

அடாப்டரும் அதன் சாவியும் புதிது வாங்கினோம். விலையைப் பார்த்தால் இந்த வேலையிலேயே மிக மலிவான பாகம் அதுதான். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது கைப்பிடியில் எஞ்சினின் இயல்பான துடிப்பு மட்டும் இருந்தது. கையை விட்டுக் கடிகாரம் பார்த்தேன், இரண்டு விநாடியில் பிளேடு நின்றது.

வேகம்

எஞ்சின் மாற்றும் வேலையில் பலரும் கடைசி வரை தொடாமலே விடுவது இது. வண்டி ஓடுகிறது, வெட்டுகிறது, போதும் என்று கொடுத்துவிடுவார்கள்.

பிளேடின் முனை எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பதற்கு எல்லை உண்டு. அமெரிக்கத் தரநிலையில் அது நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது விநாடிக்கு 96.5 மீட்டர். அதற்குமேல் போனால் பிளேடில் சிக்கும் கல்லும் கம்பியும் எறியப்படும் வேகம், பிளேடே உடைந்தால் சிதறும் வேகம் எல்லாம் கைமீறும். எஞ்சின் சுற்று ஒன்றே ஆனாலும், நீளமான பிளேடின் முனை வேகமாகப் போகும். அதனால் எஞ்சினின் உச்ச வேகம் எஞ்சினைப் பொறுத்ததல்ல, பிளேடைப் பொறுத்தது. தனியாக எஞ்சின் விற்பவருக்கோ அதில் எந்தப் பிளேடு மாட்டப் போகிறார்கள் என்று தெரியாது.

பிளக் வயரில் சுற்றி, எஞ்சினின் சுற்று வேகத்தை அளக்கும் டாக்கோமீட்டரைப் போட்டேன். 7,100 என்று காட்டியது. பதற வேண்டாம். இந்த எஞ்சின்களில் ஃப்ளைவீலில் உள்ள காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொறி தரும். அதில் ஒன்று விட்டு ஒன்று வீண் பொறி. ஃபோர் ஸ்ட்ரோக் என்று மீட்டரை வைத்தால், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று எண்ணி இரட்டிப்பாகக் காட்டும். சுற்றுக்கு ஒரு பொறி என்று மாற்றியதும் 3,550 வந்தது.

53 சென்டிமீட்டர் பிளேடின் முனை ஒரு சுற்றுக்கு 1.665 மீட்டர் போகிறது. 3,550 சுற்றில் அது விநாடிக்கு 98.5 மீட்டர். எல்லையைத் தாண்டிவிட்டது. வண்டியின் கையேட்டில் இருந்த எண் 3,100. அந்த வேகத்தில் முனை 86 மீட்டர். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங் இழுவையைக் குறைக்கும் காதைக் கையேடு சொன்னபடி மெல்ல வளைத்து, அளந்து, மறுபடி வளைத்து, 3,100-க்குக் கொண்டுவந்தேன். உள்ளே ராட் தாங்கும் இழுவையும் சுற்று வேகத்தின் இருமடிப் பெருக்கமாகத்தான் ஏறும். 3,550-க்கும் 3,100-க்கும் உள்ள வித்தியாசம், ராடுக்கு முப்பது சதவீதத்துக்கு மேல் சுமை.

ஓட்டிப் பார்த்த அவருக்கு இது பிடிக்கவில்லை. சத்தம் குறைந்துவிட்டது, சக்தி இல்லாத மாதிரி இருக்கிறது, முன்பு வைத்தது மாதிரியே வையுங்கள் என்றார். வெட்டிக் காட்டச் சொன்னேன். முழங்கால் அளவுப் புல்லில் எஞ்சின் தொய்ந்து, கவர்னர் த்ராட்டிலைத் திறந்து, மறுபடி எழுந்தது. வெட்டு சுத்தமாக விழுந்தது. அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. நானும் மாற்றித் தந்திருக்க மாட்டேன்.

பிறகு

ஐந்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் முதல் ஆயில் மாற்றம். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளித்தூள் மாதிரி மினுமினுத்தது. புது எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று படியும்போது முதல் ஆயிலில் இது வருவதுதான், அதற்காகத்தான் சீக்கிரம் மாற்றுவது. டிப்ஸ்டிக்கில் அளவு குறையவில்லை. டெக்கின் அடியைச் சுரண்டியே கொண்டுவந்திருந்தார். ஷாஃப்டைச் சுற்றி உலர்ந்த உலோகம் தெரிந்தது. தகட்டு வாஷர் போட்ட போல்ட் ஒரு கால் சுற்று இடம் கொடுத்தது. இறுக்கி, நட்டுக்கும் டெக்குக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டேன், அடுத்தமுறை நகர்ந்திருந்தால் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து அதே வண்டி மறுபடி வந்தது. இந்த முறை மண்ணில் புதைந்த குழாயின் முனை. மோதியதும் கையை விட்டிருக்கிறார். மறுபடி இழுத்துப் பார்க்காமல், பிளக் வயரைக் கழற்றிக் கைப்பிடியில் சுற்றிக் கட்டிவிட்டு நேராகக் கொண்டுவந்திருக்கிறார். பிளேடின் ஒரு முனை மடிந்திருந்தது. அடாப்டரைக் கண்ணாடியில் வைத்தேன், இம்முறை அதன் ஒரு காதுதான் போயிருந்தது. ஷாஃப்டில் டயல் கேஜ் 0.04 காட்டியது. ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்த்தால், அதைக் கிராங்க்கோடு பூட்டும் மெல்லிய உலோகச் சாவி பாதி வெட்டுப்பட்டு நகர்ந்திருந்தது. இழுத்திருந்தால் பொறி தப்பான நேரத்தில் விழுந்து கயிறு திருப்பி அடித்திருக்கும். புது சாவி, புது அடாப்டர், புது பிளேடு போட்டு, பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி வைத்துப் பூட்டினேன். ஆயில் அளவுக்கோட்டில்தான் நின்றது. பெயின்ட் கோடும் நகரவில்லை.